ஆறு பிறந்த இடம்

காவிரி எங்கே பிறக்கிறது என்று பிரகதீஸ்வரி டீச்சர் கேட்டதும் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் மேட்டூர் என்றது. அதற்கும் மேலே என்ன இருக்கிறது என்றாள். ஷட்டர் என்றாள் தஹ்மீனா. மழை என்ற பேச்சையே ஒருத்தரும் எடுக்கவில்லை.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. வலங்கைமான் பக்கம் ஆறு என்பது ஜூனில் திறக்கப்படும், ஜனவரியில் மூடப்படும். குழாய்க்கு மலை எதற்கு?

பிரகதீஸ்வரி விடவில்லை. மைதானத்தில் களிமண்ணால் குடகு மலையைக் கட்டி, உச்சியில் பூவாளியால் தண்ணீர் ஊற்றி, வழியில் மேட்டூருக்கு ஒரு ஓட்டுச் சில்லைச் செருகினாள். சில்லுக்கு மேலேயும் ஆறு ஓடுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். ஒருவழியாக மண்டையில் ஏறியது.

அப்புறம்தான் மேலிடத்துக்கு ஞானம் வந்தது. மாணவரின் தவறான புரிதலைக் களையும் திட்டமாம். களைவதற்கு முன் ஒரு வீடியோ, களைந்த பின் ஒரு வீடியோ, இரண்டையும் ஆப்பில் ஏற்ற வேண்டும். ஏற்றாத தற்காலிக ஆசிரியருக்கு அடுத்த வருஷம் வேலை இல்லை. பிரகதீஸ்வரியும் தற்காலிகம்தான்; அவள் வீட்டில் முதல் பட்டமும் அவளுடையதுதான், முதல் மாதச் சம்பளமும் அவளுடையதுதான்.

பிள்ளைகளுக்குத்தான் இப்போது சரியான பதில் தெரிந்துவிட்டதே என்றாள். தலைமையாசிரியர் இராஜாங்கம் அசரவில்லை. "பழைய தப்பையே சொல்லச் சொல்லும்மா. ஆண்டு விழாவுல நடிக்கலையா?" அது என்ன தப்பு என்று அவர் கேட்கவில்லை.

"கஷ்டப்பட்டு எடுத்த முள்ள மறுபடி குத்தச் சொல்றீங்களா சார்?"

தஹ்மீனாவும் மறுத்துவிட்டாள். "வேணாம் டீச்சர். அப்பறம் பரீட்சையில அதான் கையில வரும்."

பயந்தாங்கொள்ளிப் பிள்ளைகள், நான் பேசிக் காட்டுகிறேன் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார் இராஜாங்கம். பிரகதீஸ்வரி போனை உயர்த்தினாள். காவிரி எங்க சார் பிறக்குது?

"இதென்ன கேள்வி? மேட்டூர்லதான். வருஷா வருஷம் பூவும் நெல்லும் தூவி நானே வரவேற்கிறேன்ல."

பிரகதீஸ்வரி அதோடு பதிவை நிறுத்தினாள். முன் வீடியோவில் அவரையும் பின் வீடியோவில் தஹ்மீனாவையும் போட்டு, அன்று மாலையே ஏற்றினாள்.

மறுவாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து அவருக்கே போன் வந்தது. ஒரு தலைமையாசிரியர் தன் கௌரவம் பாராமல் தவறான புரிதலை இத்தனை இயல்பாக நடித்துக் காட்டியது எல்லாப் பள்ளிக்கும் முன்மாதிரி என்று பாராட்டினார்களாம். நடிக்கவில்லை என்று அவர் எப்படிச் சொல்வார்?

பிரகதீஸ்வரியை அறைக்குக் கூப்பிட்டார். மறுநியமன ஆணையில் கையெழுத்துப் போட்டார். கொடுக்காமல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப மேட்டூர் இல்லையாம்மா?"

அவள் முதலில் ஆணையை உருவிக்கொண்டாள்.

"நாளைக்கு மூணாவது பீரியட் சார். முன் பெஞ்சு காலியாதான் இருக்கு, வந்து உக்காருங்க."