கண்ணு என்று நான் கூப்பிடவில்லை

பெரியாத்தாள் எங்கள் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுகிறவர். என் அம்மா வயது. மதியச் சோற்றுக்கு எப்போதும் என் பக்கத்தில்தான் உட்காருவார். அன்றைக்குத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டார்.

“ஏனுங்க பெரியம்மா, எம்மேல என்ன கோவம்?”

“ஞாயித்துக்கெழமை ஓவர்டைமுக்கு நீதான போன் பண்ணுனே? முட்டிவலிங்கறேன், காதுலயே வாங்காம ‘வந்துருங்க கண்ணு, வந்துருங்க கண்ணு’ங்கறே. உனக்கு நான் கண்ணா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் தண்ணீர் குடிக்கவே எழ முடிவதில்லை. இதில் ஊருக்கெல்லாம் எங்கே போன் போடுவது?

விசாரித்தால், ஆபீசில் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர்தான் ஆட்களைக் கூப்பிடுகிறதாம். குரல் மட்டும் என்னுடையது. புதிதாகத் தைக்க வரும் பிள்ளைகளுக்காக, நூல் கோர்ப்பது எப்படி என்று நெட்டில் வீடியோ போடுவேன். ‘பாத்துக் கோருங்க கண்ணு’ என்பேன். அதையெல்லாம் கேட்டுப் பேசப் பழகியிருக்கிறது சனியன்.

மேனேஜர் சிவபிரகாஷ் கையை விரித்தார். “குல்சாரக்கா, நாங்க வெலைக்கு வாங்குனதுங்க. வித்தவங்களக் கேளுங்க.”

பெரியாத்தாளிடம் சொன்னேன். நம்பவில்லை. “உங்களப் போயி நான் கண்ணுன்னு கூப்புடுவேனுங்களா?” என்றதும் கொஞ்சம் யோசித்தார். “அதுவும் சரிதான்” என்றார். ஆனாலும் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

விற்றவர்களுக்கு என் மகள் மஹ்னூர் எழுதிக் கேட்டாள். வீடியோ போடும்போதே சம்மதம் என்று அழுத்திவிட்டேனாம். வீடியோவைப் பார்க்கத்தானே சம்மதித்தேன், தொண்டையைப் பிடுங்கிக்கொள்ளவா? மூத்தவர்களிடம் நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை, நிறுத்துங்கள் என்று மறுபடி எழுதச் சொன்னேன்.

குரல் உங்களுடையதுதானா என்று சரிபார்க்க வேண்டும், மூத்தவர்களிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படிப் பேசி அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

“இதையும் எதுக்கும்மா குடுக்கறே?” என்றாள் மஹ்னூர்.

“வேற வழி இருந்தாச் சொல்லு.”

நாள் முழுக்கத் தைத்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. பெரியாத்தாளை நினைத்துக்கொண்டு செல்லில் பேசிப் பதிந்தேன். ‘பெரியம்மா, சாப்ட்டீங்களா? முட்டிவலி தேவலைங்களா?’ மனசாரத்தான் பேசினேன். அனுப்பினோம். அப்புறம் அங்கிருந்து பதிலே இல்லை.

ஒரு திங்கட்கிழமை மதியம், பெரியாத்தாள் நொண்டிக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டி வீங்கிக் கிடந்தது.

“நேத்து வேலைக்கு வந்தீங்களா? இந்தக் காலோடயா?”

“நீ போன்ல எத்தனை தன்மையாக் கேட்டே. ‘பெரியம்மா, முட்டிவலி தேவலைங்களா’ன்னு விசாரிச்சுட்டுத்தான வரச் சொன்னே. மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.”

“பெரியம்மா, அது நானில்லீங்க. அதுவும் கம்ப்யூட்டருதானுங்க.”

பெரியாத்தாள் சிரித்தார். ஊறுகாயை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“அட போ கண்ணு. மொதல்ல பேசுனதுதான் கம்ப்யூட்டரு. இது நீதான். எனக்குத் தெரியாதா?”