கோவிந்தசாமி கால் வைத்த இடம்

சாரம் என்ற ஊரில் இருக்கும் கோவிந்தசாமி கால் வைத்த இடத்தில் ஏழு வருஷம் புல் முளைக்கவில்லை. சரியாகப் பாதத்தின் அளவுக்குத்தான் கருகும்; ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரியும். செருப்புப் போட்டு நடந்தால் செருப்பின் அளவுக்குக் கருகும். டாக்டர் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கோவிந்தசாமி மாத்திரை தீரும்வரை சாப்பிட்டார். பசி எடுத்ததே தவிர வேறு மாற்றமில்லை.

வீட்டின் பின்னால் இருந்த இரண்டு குழி நிலத் தோட்டம் அவர் மனைவி மேனகாவுடையது. ஆடியில் விதைப்பாள். வைத்திக்குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் அஞ்சம்மாள் கொடுக்கும் செதிலையும் குடலையும் வெல்லத்தில் ஊறவைத்து, தண்ணீரில் கலந்து செடிகளுக்குத் தெளிப்பாள். பங்குனியில் உதிரும் வேப்பஞ்சருகை எரிக்காமல், வெயில் படாதபடி செடிகளின் தூரில் பரப்புவாள். ஐப்பசி மழைக்கு முன் மட்டும் ஒரு புல்லையும் பிடுங்கமாட்டாள். வேர் பிடித்திருந்தால்தான் மண் கரையாது என்பாள். சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரையைத் துடைத்ததுபோல் வைத்திருந்து ஓய்வு பெற்ற கோவிந்தசாமிக்கு, இது சோம்பேறித்தனமாகப் பட்டது. மகள் துர்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள், வீட்டுக்குப் பின்னால் காடு மண்டிக் கிடக்கிறதே என்று கூசிப்போய், மேனகா கடைக்குப் போயிருந்த நேரத்தில் களைக்கொல்லி வாங்கிவந்து அடித்துவிட்டார். மறுநாளே மழை பிடித்துக்கொண்டு, மருந்தைப் பாத்தி பாத்தியாக இழுத்துப் போனது. மாப்பிள்ளை வீட்டார் கேசரி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள், போனார்கள். பின்பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் மண்புழுக்கள் மேலே வந்து செத்துக் கிடந்தன. மேனகா அவற்றை முறத்தில் பொறுக்கிக்கொண்டு வந்து, காபி குடித்துக்கொண்டிருந்த கணவனின் முன்னால் வைத்தாள்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. பேசிட்டு இருங்க" என்றாள். பிறகு, "இனிமே தோட்டத்துக்குள்ள காலு வைக்காதீங்க" என்றாள்.

அன்று மாலை வாசலில் அவர் நடந்த தடமெல்லாம் கருகியது.

ஊர் இதற்குச் சீக்கிரமே பழகிவிட்டது. பக்கத்துத் தெரு ஜானகிராமன் தன் காலி மனைக்கு அவரைக் கூட்டிப்போய், "அண்ணே, பாம்பு நடமாட்டம் இருக்குது. ஒரு ரவுண்டு நடந்துட்டு வாங்க, டீ சொல்றேன்" என்றார். அதன்பின் பலரும் கூப்பிட்டார்கள். கோவிந்தசாமி யார் கூப்பிட்டாலும் போய் நடந்தார். வீட்டில் மட்டும் பின்வாசற்படியைத் தாண்டவில்லை. மேனகா குனிந்து நிமிர்வதைப் படியில் உட்கார்ந்து பார்த்திருப்பார். மூன்றாம் வருஷம் மண்புழுக்கள் திரும்பி வந்தன. ஒவ்வொரு ஆடியிலும், "உள்ள வரட்டுமா?" என்று கேட்பார். "மண்ணு இன்னும் எந்திரிக்கல" என்பாள் அவள். அவருக்கு வேறு ஆசை எதுவும் மிஞ்சவில்லை.

ஏழாம் வருஷம் சித்திரையில் மேனகாவின் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கல்யாணமாகிப் போயிருந்த துர்கா, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து வீட்டோடு தங்கினாள். கோவிந்தசாமி படியில் நின்றபடியே குழாயால் தோட்டத்துக்குத் தண்ணீர் பீய்ச்சினார். ஒருநாள் காலை மேனகா அவரைக் கூப்பிட்டாள்.

"என்னத் தூக்கிட்டுப் போங்க."

"எங்க?"

"உள்ள."

"செடி போயிடுமே மேனகா."

"போனா போவட்டும். துர்கா சருகு போட்டு மூடிடுவா. மெதுவா நடங்க."

அவள் கனமே இல்லாமல் இருந்தாள். பதினோரு எட்டு. ஒவ்வொரு எட்டுக்கும் கீரை கருகும் வாடை வந்தது. கோவைக்காய்ப் பந்தலடியில் நிற்கச் சொன்னாள். சுற்றிலும் பார்த்தாள். அதைப் பிடுங்கவில்லையா, இதற்கு நிழல் போதவில்லையே என்று இரண்டு மூன்று சொன்னாள். வெயில் ஏறுவதற்குள் அவர் கையிலேயே இறந்துபோனாள்.

மற்றவர்கள் வந்து அவளை வாங்கிக்கொண்டார்கள். கோவிந்தசாமி நகரவில்லை. பாடை கட்டி முடித்தபின் துர்கா படியில் நின்று அழைத்தாள்.

"வந்த வழியிலயே திரும்பி வாப்பா. அதான் ஏற்கெனவே கருகிப்போச்சே."

"உங்கம்மா ஏழு வருஷத்துல ஒரு தடவதான் கூப்பிட்டா" என்றார் அவர். "வெளிய வந்துட்டா, அப்புறம் யாரு என்னை உள்ள கூப்பிடுவா?"

கொள்ளியைத் துர்காவே வைத்தாள். பதினோரு தடத்தையும் சருகு போட்டு மூடினாள். ஆடியில் விதைத்தாள். ஐப்பசியில் புல்லை விட்டுவைத்தாள். அது அவருடைய முழங்கால் வரை வளர்ந்தது, கருகவில்லை. வேளைக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர்கள் படியிலிருந்தே அவரைப் பார்த்து, முகவரி மாற்றமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். தையில் கோவைக்கொடி பந்தலை விட்டு அவர் தோளில் ஏறிக் காய்த்தது. செவ்வாய்க்கிழமைகளில் அஞ்சம்மாள் மீன் கழிவைத் துர்காவிடம் கொடுத்துவிட்டு, குழம்புக்கு நாலு காய் பறிக்கப் பந்தலடிக்குப் போகிறாள். "அண்ணே, இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புண்ணே" என்கிறாள். அவர் இடுப்புக்கு மேலே மட்டும் திரும்பிக்கொடுக்கிறார்.