கீழ்த்தள வீட்டுக்கு ஒரு விண்ணப்பம்

வெல்ஃபேர் ஆபிஸிலிருந்து ஆள் வருகிற நாளும் அதுவுமாக, மார்த்தா பீரோவைத் திறந்து கோயிலுக்குக் கட்டுகிற சேலையை எடுத்தபோதே அவள் கணவர் பெர்னார்ட் குறுக்கே வந்து நின்றார்.

"எதுக்கு இதெல்லாம்? வீட்டுல போடுற கவுனே போதும்லா."

"வீட்டுக்கு ஆள் வருது. பிச்சைக்காரி மாதிரி உக்காந்திருக்கச் சொல்றீங்களா?"

டத்தோ கிராமாட் வட்டாரத்தின் அந்தப் பழைய அடுக்குமாடியில் லிஃப்ட் ஐந்திலும் எட்டிலும்தான் நிற்கும். இவர்கள் வீடு ஆறில். பக்கவாதம் வந்து மார்த்தாவின் இடப்பக்கம் விழுந்துபோன பிறகு, அந்தப் பதினாறு படிகளில் அவளைத் தாங்கி ஏற்றி இறக்குவது பெர்னார்டின் வேலையானது. இப்போது கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலி. முடியாதவர்களுக்குத்தான் கொடுப்பார்கள், எவ்வளவு முடியவில்லை என்பதை அதிகாரி நேரில் பார்த்து எழுத வேண்டும். 'முடியவில்லை' என்று மனுஷி ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்பது வருஷம் கான்வென்ட் பள்ளியில் பிள்ளைகளை நிமிர்ந்து உட்காரச் சொன்னவள், சொல்லிவிடுவாளா?

சேலை கட்ட முக்கால் மணி நேரம் ஆனது. கொசுவத்தை அவர்தான் மடித்துச் செருகினார். விளங்காத கையை முந்தானைக்குள் மறைத்து, பவுடர் பூசி, மகாராணி போல உட்கார்ந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தாள், அதுதான் அவருக்கு எரிச்சல்.

வந்த அதிகாரி நூருல் ஹுதா, முப்பது வயசுப் பெண். ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"படி ஏற முடியுதா ஆன்ட்டி?"

"ஏன் முடியாம? தெனமும் ஏறுறேனே."

"சமையல் யாரு?"

"நான்தாம்மா. வேற யாரு?"

மூன்று வருஷமாக அடுப்படியில் வேகிற பெர்னார்ட் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வந்தவள் முன்னால் பெண்டாட்டியைப் பொய்க்காரி ஆக்குவதா? ஃபாரத்தில் எல்லாக் கட்டத்திலும் பேனா ஓடியது. வீடு போச்சு, அவ்வளவுதான்.

நூருல் ஹுதா எழுந்ததும் மார்த்தாவும் எழுந்துவிட்டாள். வந்தவர்களை லிஃப்ட் வரைக்கும் போய் வழியனுப்பாவிட்டால் அவள் மார்த்தாவா? வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லியும் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்து ஒரு படி இறங்கினாள், இரண்டு இறங்கினாள். மூன்றாவதில் கால் வெடவெடவென்று ஆடியது.

பெர்னார்ட் ஓடி வருவதற்குள் நூருல் ஹுதா அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துவிட்டாள். ஐயோ என்று கத்தவில்லை. "எனக்கும் கால் கடுக்குது ஆன்ட்டி, கொஞ்சம் உக்காருவோமா?" என்று அந்தத் தூசிப் படியிலேயே அவளோடு உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"ஃபாரத்த மொதல்லேர்ந்து எழுதலாமா?" என்று கேட்டாள் நூருல் ஹுதா.

மார்த்தா விளங்காத கையை முந்தானைக்கு வெளியே எடுத்து மடியில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு முடியலன்னு சொல்ல வாய் வரலம்மா. ஆனா இவருக்கு முடியல, அத எழுது. என்னைத் தூக்கிட்டு ஏறுன பெறகு, பாத்ரூம்ல பைப்பத் தொறந்து விட்டுட்டு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. தண்ணிச் சத்தத்துல எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

பெர்னார்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கும் தெரியாது என்றுதான் அவர் இத்தனை மாதமும் நம்பியிருந்தார்.

நூருல் ஹுதா எழுதியதைக் கிழித்துப் பைக்குள் போட்டுவிட்டுப் புதுத் தாளை எடுத்தாள். "அங்கிள், உங்க ஐசி நம்பர் சொல்லுங்க."

அடையாள அட்டை எண்ணின் முன்பாதியான பிறந்த தேதி வரைக்கும் சொன்னார். அதோடு நிறுத்திவிட்டு மார்த்தாவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். மீதி ஆறு எண்களையும் மார்த்தா சொன்னாள்.