விலாவில் எழுதிய காவி

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் ஆறு வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய ஜோசப்ராஜுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப்போயின. அக்கா பாத்திமா மேரி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதை உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்கினான். அவன் மனைவி பிரின்ஸி ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. வறட்டு இருமல். மூன்றாம் நாள் குளியலறைக்கு நடக்கவே மூச்சு வாங்கியது. பிரின்ஸி தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நிமோனியா என்று ஊசி போட்டார்கள். மூன்று நாள் போட்டும் மூச்சு இன்னும் மோசமாகிக்கொண்டுதான் வந்தது.

பிரின்ஸிக்கு எதையும் கேட்காமல் விட முடியாது. "நிமோனியான்னா சளி கட்டுமே டாக்டரம்மா. இவருக்குத் துப்பவே ஒண்ணும் வரலையே?"

டாக்டர் ஞானாம்பாள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு நுரையீரலிலும் ரவையை இறைத்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள். "அதைத்தான் நானும் யோசிக்கிறேன். இது வைரஸா இருக்கலாம். நம்மள லேசா தொட்டுட்டுப் போறதுகூட, எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களுக்கு நுரையீரல்ல இறங்கிடும். எதுன்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து கொடுக்கலாம். இந்த மூணு வாரத்துல எங்க போனீங்க, யாரைப் பார்த்தீங்க? யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

பிரின்ஸி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போனாள். ஞாயிறு பூசை, ரத்தப் பரிசோதனை, திருக்கடையூர். அடுத்த தெரு ரைஸ்மில் ரெத்தினத்துக்கு அங்கேதான் அறுபதாம் கல்யாணம். ஆபரேஷனுக்கு மெட்ராஸ் வரை தன் காரில் கூட்டிப்போன மனுஷர் என்று ஜோசப்ராஜ் பிடிவாதமாகப் போனான். குடத்து நீர் ஊற்றி முடிந்ததும் ஈரத்தோடு நின்றவரைக் கட்டிக்கொண்டான்.

சட்டென்று எழுந்து ஓடினாள்.

"டாக்டரம்மா, அக்கி ஒட்டுமா?"

"யாருக்கு அக்கி?"

"இவரு கட்டிப் புடிச்சவருக்கு. விலாவுல கொப்புளம், அது மேல காவியால அக்கி எழுதியிருந்துச்சு. அது ஈரத்துல கரைஞ்சு இவரு சட்டையெல்லாம் ஆயிடுச்சு. இன்னியோட பத்தொன்பது நாளாச்சு."

ஞானாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க வீட்டுக்காரருக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா?"

பிரின்ஸி பாத்திமா மேரிக்குப் போன் போட்டாள். "எனக்குப் போட்டப்ப அவனை மாமா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவனுக்குப் போடவே இல்ல. ஏன், என் கிட்னிக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள் அக்கா.

"அக்கியும் சின்னம்மையும் ஒரே வைரஸ்தான்மா," என்றார் டாக்டர். "அம்மை போட்டவங்க நரம்புக்குள்ள அது தூங்கிக்கிட்டு இருக்கும். வயசான காலத்துல அக்கியா எழும்பும். அம்மையே போடாதவருக்கு அதுலேருந்து ஒட்டினா, அம்மையாத்தான் வரும்."

"இவரு உடம்புல ஒரு கொப்புளம்கூட இல்லையே?"

"தேடிப் பாருங்க."

நர்சும் பிரின்ஸியும் முதுகு, அக்குள், தொடை என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். காதுக்குப் பின்னால், முடிக்குள் ஒளிந்து இரண்டு சின்ன நீர்க்கொப்புளங்கள். கண்டதும் பிரின்ஸிக்குச் சந்தோஷம் பொங்கியது. மறுகணமே, இதற்குப் போய்ச் சந்தோஷப்படுகிறோமே என்று பயந்துபோனாள்.

கொப்புளத்து நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவுக்குக் காத்திராமல் அம்மை வைரஸுக்கான மருந்தை அன்றே ஏற்றினார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளையும் குறைத்தார்கள்.

"கிட்னி தாங்குமா?"

"ஆபத்து இருக்கு. ஆனா முதல்ல மூச்சு."

மறுநாள் மார்பெங்கும் முத்துக்கள் எழும்பின. இரண்டு நாள் ஆக்ஸிஜன் குழாயோடு போராடினான். ஐந்தாம் நாள் ரசம் சாதம் கேட்டான். சற்றுத் தடுமாறிய சிறுநீரகமும் இரண்டு வாரத்தில் நிதானத்துக்கு வந்தது.

விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த ரெத்தினம், வராந்தாவில் நின்று கண் கலங்கினார். "என்னாலதானேம்மா?"

"நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க? உட்காருங்க மாமா," என்றாள் பிரின்ஸி. பிறகு அடக்க முடியாமல் கேட்டாள். "உங்களுக்கு எத்தனை வயசுல அம்மை போட்டுச்சு?"

"ஏழு இருக்கும்."

"அப்ப அம்பத்து மூணு வருஷம்!" வாய்பிளந்தாள். "அத்தனை வருஷமும் உங்க உடம்புக்குள்ளதான் இருந்திருக்கு மாமா."

"எங்க இருந்துச்சாம்?" அழுத கண்ணோடு ரெத்தினமும் ஆவலாகக் குனிந்தார்.

டாக்டர் காட்டியிருந்தபடியே, அவர் முதுகெலும்பை ஒட்டி, நரம்பு கிளம்பும் இடத்தில் அவள் விரல் வைத்துக் காட்டினாள்.