ஓடில்லாத நத்தையும் அம்மா வெட்டின என் காலும்

அக்கா, உன் தம்பி கடைக்குட்டி பேசறேன். வயசு இருபத்திமூணு. இருக்கறது வெளிநாட்டுல, கடல் ஆராய்ச்சிக்கூடத்துல, ஒரு மீன்தொட்டிக்கு அடியில. கையெல்லாம் பாசி வழவழங்குது, அதான் வாயால டைப் பண்றேன். தப்பு வந்தா போனைத் திட்டு.

விஷயம் ஒரு கடல் நத்தை. ஓடு கிடையாது, பச்சை நிறம், அரிசி அளவு. இந்த நாட்டோட தெற்குக் கரையில, வெதுவெதுப்பான தண்ணியில மட்டும்தான் இருக்கும்னு இங்க எல்லாரும் சத்தியம் பண்றாங்க. அங்கயும் ஒரே ஒரு வகைப் பாசிமேலதான். திங்கறது, தூங்கறது, குடும்பம் நடத்தறது எல்லாம் அதுலயே. நம்ம பெரிய மாமாவுக்கு சோபா மாதிரி.

நேத்து அதை இங்க, இந்த வடக்குக் குளிர்ல, துறைமுகத்துல பார்த்துட்டேன். மின்நிலையம் சுடுதண்ணி விடற மூலையில அந்தப் பாசி முளைச்சிருக்கு, மேல நத்தை உக்காந்திருக்கு. பெருமையா எங்க ஆராய்ச்சிக்கூடத் தலைவி மேடம்கிட்ட காட்டினேன்.

"போன மாசம் தெற்குக் கரைக்கு எந்த பூட்ஸ்ல போனே?"

"இதேதான் மேடம்."

"கழுவினியா?"

"துடைச்சேன்."

"அப்போ அது தானா வரலப்பா, நீதான் பூட்ஸ்ல ஒட்டிக் கூட்டிட்டு வந்திருக்கே. வெளியூர் உயிரை இங்க கொண்டுவந்து விடறது பெரிய தப்பு. இங்கயே இருந்ததுன்னா நாளைக்குள்ள ஆதாரம் காட்டு. இல்லன்னா உன்னை வெச்சுக்க முடியாது."

வேலை போனா விசாவும் போச்சு. அப்புறம் மாமா சோபாவுல எனக்கும் கொஞ்சம் இடம் கேக்கணும்.

அப்போதான் ஞாபகம் வந்துச்சு. வேலையில சேர்ந்த புதுசுல, தெற்குக் கரையைக் கண்ணால பாக்கறதுக்கு முன்னாடியே, அதே மூலையில நின்னு போட்டோ எடுத்து உனக்கும் அம்மாவுக்கும் அனுப்பினேன்ல? கால்கிட்ட பாசிமேல வெள்ளையா சுருள் சுருளா ஒண்ணு இருக்கே, "நூடுல்ஸ் கொட்டிட்டியாடா"ன்னு கேட்டியே, அது நத்தை முட்டை அக்கா. எனக்கு முன்னாடியே வந்து, குடியேறி, பிள்ளைகுட்டியும் பெத்துடுச்சு. விசா கவலையும் இல்ல.

என் பழைய போன் தொட்டியில விழுந்து செத்துப்போச்சு. அம்மாகிட்ட அந்தப் படத்தைக் கேட்டா, இடுப்புக்கு மேல மட்டும் வருது, மூஞ்சியும் வெள்ளையடிச்ச மாதிரி.

"கால் எங்கம்மா?"

"வெட்டிட்டேன். பொண்ணு வீட்டுக்கு அந்த பூட்ஸோடவா அனுப்புவாங்க? ஒண்ணு கருப்பு, ஒண்ணு மஞ்சள். இரவல் வாங்கின கால் மாதிரி இருக்கு."

"அதுலதாம்மா நத்தை முட்டை இருந்துச்சு."

"அந்தக் கருமத்தைத்தான் முதல்ல வெட்டினேன்."

உன் போன்ல முழுப்படம் இருக்கும் அக்கா. வெட்டாம, வெள்ளையாக்காம, என் ரெண்டு காலோட இன்னிக்கே அனுப்பு.