பேசாத கட்டை

சிகாகோவில் ஒரு ஸ்டுடியோ. பழைய காலத்து இசையமைப்பாளர் ஸ்லோட்கினின் பாட்டுகளை ஜாஸ் ஆல்பமாகப் பதிவு செய்துகொண்டிருந்தாள் ஒடெஸா. பாடுவது, பியானோ வாசிப்பது இரண்டும் அவளே. ஒன்பதாவது பாட்டில் ஓரிடத்தில், ஸ்லோட்கின் எழுதியபடியே, இடது கை ஒரு சுரத்தை விட்டுவிடும். அந்த வெறுமையில் ஒரு மனிதனின் துக்கமே இருக்கிறது என்று இருபது வருடமாக மேடைக்கு மேடை சொல்லி வந்தவள் அவள்.

கேட்க வந்திருந்த ஸ்லோட்கினின் மகள் மிர்னா சிரித்துவிட்டாள்.

"துக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லம்மா. எங்க வீட்டு பியானோவுல அந்த சுரத்தோட கட்டை பேசாது, அமுக்கினா சத்தமே வராது. அப்பா சரியான சோம்பேறி, ரிப்பேருக்கு ஆளே கூப்பிடல. நீ தாராளமா அந்த சுரத்தையும் சேர்த்து வாசி."

ஒடெஸாவுக்குச் சுருக்கென்றது. வீம்புக்குச் சேர்த்தே வாசித்தாள். பாட்டு ஓட்டல் லிஃப்டில் ஒலிக்கும் சப்பையான இசைபோல் ஆகிவிட்டது.

மிர்னா முகத்தைச் சுளித்தாள். "வேணாம், எடுத்துடு."

"கடைசிவரைக்கும் அந்தக் கட்டையைச் சரி பண்ணவே இல்லையா?"

"அம்மா ஆளைக் கூட்டிட்டு வந்து பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் அப்பா உருப்படியா ஒரு பாட்டு எழுதல."