டெஸ்ஸின் விடிகாலை நடை

தேவாலயத்துக்குக் கிளம்ப இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நோரீன் கறுப்பு உடுப்போடு தரையில் மண்டியிட்டு, நாயின் வயிற்றுக்கடியில் தூளியைச் செருகிக்கொண்டிருந்தாள். கம்பளி மூட்டைச் சாக்கை வெட்டி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, அவள் புருஷன் லின்சி தன் கையாலேயே தைத்த தூளி. லின்சி இப்போது தேவாலயத்தில் பெட்டிக்குள் இருந்தார்.

"ஏம்மா, இப்பவா இந்த வேலை?" என்றான் மகன் கிராண்ட், டையைக் கட்டிக்கொண்டே. "அப்பா போனதிலேருந்து ஆறு நாளா நானும் தூக்கித் தூக்கிப் பாத்துட்டேன். காலே ஊன மாட்டேங்குது. நேத்திலேருந்து சாப்பாட்டையும் தொடலை. நாளைக்கு டாக்டரை வரச் சொல்லியிருக்கேன். ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிடலாம்."

"நாளைக்குத்தானே வர்றாரு? இன்னிக்கு என்னை விடு."

டெஸ் பன்னிரண்டு வருடம் ஆடு ஓட்டிய நாய். வேலைநாய்க்கு வீட்டுக்குள் என்ன வேலை? ஆஸ்திரேலியாவில் இந்த விம்மெரா பக்கம் எந்தப் பண்ணையிலும் அது வாசற்படி தாண்டாது. ஆனால் பின்னங்கால்கள் தளர்ந்த அன்றைக்கே லின்சி அதைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்துவிட்டார். நோரீன் பார்த்துப் பார்த்து மெழுகிய மரத்தரையில் கால் வழுக்குகிறதென்று, கொட்டகையிலிருந்த ரப்பர் பாயை வெட்டி வீடு முழுக்க விரித்தார். குனிய முடியவில்லையென்று சாப்பாட்டுத் தட்டைப் பெயிண்ட் டப்பாமேல் வைத்தார். புண் வந்துவிடுமென்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைத்தார். நோரீன் முதுகுவலியில் கிடந்தபோது, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டதோடு சரி.

விடியும் முன்பே அதை நடத்திக்கொண்டு கிளம்புவார். போனால் ஒரு மணி நேரம். அவளோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க அந்த மனுஷனுக்கு ஐந்து நிமிடம் கிடைத்ததில்லை. அப்புறம் அந்தக் குரல்! "எழுந்திரு கண்ணு, மெதுவா." நாற்பத்து நான்கு வருடத்தில் அவளை ஒரு தடவை கண்ணு என்றிருப்பாரா? ஆமாம், பொறாமைதான். ஒரு நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கி ஏங்கியே அவளுக்கு அறுபத்தெட்டு வயதாகிவிட்டது.

தூளியைப் பிடித்து இழுத்தாள். டெஸ் கல்லாகக் கிடந்தது.

"சனியனே, எழுந்திரேன்!"

அசையவில்லை. கிராண்ட் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் காரைத் துடைக்கப் போனான். அவன் போகட்டும் என்று காத்திருந்து, நோரீன் அதன் காதருகே குனிந்தாள்.

"எழுந்திரு கண்ணு." அதன் தலையைத் தடவினாள். "மெதுவா."

காது நிமிர்ந்தது. முன்னங்கால்கள் ஊன்றின. தூளியில் பின்பாரம் தொங்க, டெஸ் சரிவுப் பலகை வழியாகப் பின்வாசலில் இறங்கி, நின்று, ஒன்றுக்குப் போனது.

"அப்பாடா. போதும், வா."

அது திரும்பவில்லை. அவளை இழுத்துக்கொண்டு மழைத்தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனது. அங்கே ஒரு வாளி கவிழ்ந்திருந்தது, மேலே மடித்த சாக்கு. பக்கத்திலேயே ஒரு துண்டு ரப்பர் பாய். டெஸ் நேராக அதில் போய்ப் படுத்துக்கொண்டது.

நூறு அடிகூட இருக்காது. இவ்வளவு தூரம் வரவா ஒரு மணி நேரம்?

இடுப்பு விண்டுபோக, நோரீன் வாளிமேல் உட்கார்ந்து நிமிர்ந்தாள். அங்கிருந்து வயலும் தெரியவில்லை, ஆடும் தெரியவில்லை. தொட்டிக்கும் கொட்டகைக்கும் நடுவே சமையலறை ஜன்னல் ஒன்றுதான் தெரிந்தது. உள்ளே மருமகள் ஜனீன் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். விடியுமுன் அந்த விளக்கைப் போட்டுவிட்டு, தலைகூட வாராமல் அந்த இடத்தில் நிற்பவள் நோரீன்தான்.

அந்த ஒரு மணி நேரமும் லின்சி இந்த வாளிமேல்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார், அந்த ஜன்னலைப் பார்த்தபடி.

"அம்மா! நேரமாச்சு!" கிராண்ட் தேடிக்கொண்டு வந்துவிட்டான். நாயைப் பார்த்ததும் நின்றான். "அட, நடந்துடுச்சா?"

"நாளைக்கு டாக்டரை வர வேணாம்னு சொல்லிடு. காலையில எங்களுக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

நெற்றியில் விழுந்த முடியை நோரீன் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.